ஊர்விட்டு ஊர்வந்த ஜூம் லென்ஸ்

1792-ஆம் ஆண்டு தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியர், தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து தெற்கே கிளம்பினார். வழியெல்லாம் கோவிலையும் கோட்டையையும் வரைந்துகொண்டே திருநெல்வேலிச் சீமைக்கு வந்தவர்கள், பாபநாசத்து அருவியையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் படம் பிறகு லண்டனில் அச்சேறியது. அவர்களுடைய மூட்டை முடிச்சுகளில் கேமரா அப்ஸ்க்யூரா என்ற பெட்டியும் இருந்தது. முன்னால் ஒரு லென்ஸ், உள்ளே சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, மேலே ஒரு தாள். எதிரே நிற்கும் மலை தாள்மேல் சின்னதாக விழும். அதன் விளிம்பைப் பென்சில் தொடர்ந்து போனால், அளவு பிசகாத கோட்டோவியம் கிடைத்துவிடும்.

அந்தப் பெட்டிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அருவி பெரிதாகத் தெரிய வேண்டுமானால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அருவிக்குப் பக்கத்தில் போக வேண்டும். முழு மலையும் வேண்டுமானால் பின்வாங்க வேண்டும். ஆனி, ஆடியில் அருவிக்கரையில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே தாள் ஒரு நொடி தாங்காது. நின்ற இடத்தில் நின்றபடியே அருவியை அருகில் இழுக்கவும், வேண்டாமென்றால் தள்ளி வைக்கவும் வல்ல ஒரு லென்ஸ், கையில் தூக்கும் புகைப்படக் கேமராவுக்கு வந்து சேர இன்னும் 167 ஆண்டுகள் ஆயின.

பாபநாசத்துக்கு வடக்கே, அதே மலைத்தொடரின் அடிவாரத்தில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது மேலகரம். இங்கே நான் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பது அந்த லென்ஸின் ஒரு பழைய வடிவம். தானாக எதையும் செய்யாது. முன்னும் பின்னும் தள்ளினால் ஜூம், திருகினால் ஃபோகஸ், இரண்டுக்கும் ஒரே வளையம். ‘மேட் இன் ஜப்பான்’ என்று குழாயில் பொறித்திருக்கிறது. ஆனால் இதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஜப்பானோடு நிற்பதில்லை. வழியில் எதிர்ப்படுகிறவர்களில் பலர் சொந்த ஊரை இழந்து, இன்னோர் ஊரில் புதிதாகக் கடை விரித்தவர்கள். எனக்கு இந்த லென்ஸின் மேல் இத்தனை பிரியம் வந்ததற்கு அவர்களும் ஒரு காரணம்.

முதல் முயற்சி வானத்தைப் பார்த்துத்தான். இங்கிலாந்தின் வுல்விச் ராணுவக் கல்லூரியில் கணக்கு கற்பித்த பீட்டர் பார்லோ, தொலைநோக்கியின் குழாய்க்குள் ஒரு குழிலென்ஸைச் செருகினால் அதன் பெருக்கும் திறன் கூடும், அந்தக் குழிலென்ஸை நகர்த்தினால் திறனும் மாறும் என்று 1834-இல் எழுதினார். நட்சத்திரம் பார்க்கிறவர்கள் இன்றும் கடையில் ‘பார்லோ’ என்று அவர் பெயரைச் சொல்லித்தான் அதை வாங்குகிறார்கள்.

பார்லோவின் யுக்தி புகைப்படத்துக்குள் நுழைந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. லண்டனில் தாமஸ் ருடால்ஃபஸ் டால்மையர், ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தே, மியூனிக்கின் ஸ்டைன்ஹைல் நிறுவனம் என்று மூன்று தரப்பும் ஒரே ஆண்டில், 1891-இல், டெலிஃபோட்டோ லென்ஸோடு வந்து நின்றன. முன்னால் குவிலென்ஸ், பின்னால் குழிலென்ஸ். குட்டைக் குழாய், நெட்டைப் பார்வை. யார் முந்தி என்ற வழக்கு ஓய நாளாயிற்று. டால்மையரின் குழாயில் ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பி இரண்டு லென்ஸ்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை மாற்றினால் உருவம் பெருகும், சிறுக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஃபோகஸ் கலைந்துபோகும். முதலிலிருந்து எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். நின்று நிதானமாக மலையை எடுப்பவருக்கு அது போதும். ஓடுகிற குதிரைக்குப் போதாது.

பெருக்கம் மாறும்போதும் ஃபோகஸ் கலையக்கூடாது என்பதுதான் ஜூம் லென்ஸின் முழுச் சூட்சுமம். அதற்கான முதல் காப்புரிமையை 1902-இல் பெற்றவர் கிளைல் ஆலன் என்ற அமெரிக்கர். உள்ளே நடப்பது இதுதான்: ஒரு லென்ஸ் தொகுதி நகர்ந்து உருவத்தைப் பெருக்குகிறது. அது நகர்ந்ததாலேயே உருவம் விழும் இடம் தள்ளிப்போகிறது. தள்ளிப்போனதைத் திரும்பக் கொண்டுவர இன்னொரு தொகுதியும் அதே நேரத்தில், வேறொரு வேகத்தில் நகர வேண்டும். இரண்டையும் ஒரு கையசைவில் நகர்த்த, பித்தளைக் குழாயில் வளைந்த பள்ளங்களை மயிரிழை பிசகாமல் கடைய வேண்டும். தாளில் எழுதிவிடலாம், பட்டறையில் செய்வது கடினம்.

அதைவிடப் பெரிய கஷ்டம் வெளிச்சம். கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ நூற்றுக்கு நாலு பங்கு ஒளி திரும்பிவிடும். ஜூம் லென்ஸுக்கு நிறையக் கண்ணாடித் துண்டுகள் தேவை. பத்துத் துண்டு என்றால் இருபது பரப்பு. உள்ளே நுழைந்த வெளிச்சத்தில் பாதிகூட ஃபிலிமுக்கு வந்து சேராது. திரும்பிய ஒளி சும்மாவும் இருக்காது. குழாய்க்குள் அலைந்து கடைசியில் படத்தின் மேலேயே விழுந்து, கறுப்பாக இருக்க வேண்டியதையெல்லாம் வெளிற வைத்துவிடும்.

இதற்கு வைத்தியம் கிடைத்தது ஒரு தற்செயலில். 1890-களில் இங்கிலாந்தின் யார்க் நகரில் தொலைநோக்கி செய்யும் குக் நிறுவனத்தில் வேலைபார்த்த டென்னிஸ் டெய்லர், வருஷக்கணக்கில் காற்றுப்பட்டு மேற்பரப்பு மங்கிய பழைய லென்ஸ்களைச் சோதித்தார். கறைபட்ட லென்ஸ் கெட்டுப்போனது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அவர் கண்டது நேர்மாறு: புது லென்ஸைவிடக் கறைபட்ட லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விட்டது. அந்த மெல்லிய படலம் எதிரொளிப்பைத் தணித்தது. வேதிப்பொருளால் செயற்கையாகக் கறையேற்றிப் பார்த்தார். ஒரு கண்ணாடிக்குப் பலித்தது இன்னொன்றுக்குப் பலிக்கவில்லை. 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, வெற்றிடத்தில் ஒரு பூச்சை ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவைத்து அதைச் சாதித்தார். உக்ரைனியர் அவர். போர் முடிந்ததும் அமெரிக்கா அவரைக் கூட்டிக்கொண்டு போயிற்று, பிறகு எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார். பழைய லென்ஸைச் சாய்த்துப் பார்க்கும்போது ஊதாவும் பழுப்பும் பளிச்சிடுகிறதே, அது ஸ்மாகுலா காட்டிய வழியில் வந்த பூச்சு.

அந்தப் பூச்சுக்காகக் காத்திருக்க சினிமாவுக்குப் பொறுமை இல்லை. கிளாரா போ நடித்த ‘இட்’ என்ற ஹாலிவுட் படத்தில் 1927-இலேயே ஜூம் வந்துவிட்டது. 1932-இல் லெஸ்டர் நகரின் டெய்லர், டெய்லர் அண்டு ஹாப்சன் நிறுவனத்தில் ஆர்தர் வார்மிஷம் வடிவமைத்த குக் வாரோ என்ற லென்ஸ், சினிமாக் கேமராவுக்காகவே விற்பனைக்கு வந்தது. 40 மி.மீ. தொடங்கி 120 மி.மீ. வரை நீளும். பெரிய ஸ்டுடியோக்களுக்கு மட்டும் கட்டுப்படியாகும் சரக்கு.

ஜூமை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது தொலைக்காட்சி. அதைச் செய்தவர் ஃபிராங்க் பேக், வியன்னாக்காரர். நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கியபின் நாட்டை விட்டு வெளியேறி, கடைசியில் நியூயார்க் வந்தவர். அவருடைய ஜூமார் லென்ஸ் 1947-இல் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டங்களைக் காட்டத் தொடங்கியது. அதுவரை தொலைக்காட்சிக் கேமராவின் முகப்பில் வெவ்வேறு லென்ஸ்களைச் சுழல்தட்டில் பொருத்தியிருப்பார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தட்டைத் திருப்பும்போது நேரலையில் பந்து எங்கே போயிற்று என்றே தெரியாது. ஜூமார் அந்த இடைவெளியை அழித்தது. கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டுப் பிடியை நாம் இருக்கை நுனியில் அமர்ந்து பார்ப்பதற்கு இந்த அகதி எஞ்சினியருக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறோம்.

1959-இல் அதே பேக்கின் வடிவமைப்பு புகைப்படக் கேமராவுக்கு வந்தது. மியூனிக்கில் கில்ஃபிட் பட்டறையில் உருவாகி, ஃபோக்ட்லாண்டர் என்ற பெயரில் விற்பனையானது. 36–82 மி.மீ.; உள்ளே 14 கண்ணாடித் துண்டுகள். 35 மி.மீ. கேமராவில் மாட்டும் முதல் ஜூம் அதுதான். ஃபோக்ட்லாண்டர் என்பது 1756-இல் வியன்னாவில் தொடங்கிய பெயர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஊரை விட்டு ஓடிவந்த வியன்னாக்காரரின் லென்ஸ், அட்லாண்டிக்கைத் தாண்டித் திரும்பிவந்து, வியன்னாவில் பிறந்த பெயரையே சூடிக்கொண்டது.

அதே 1959-இல் ஜப்பானின் நிக்கான் தன் 85–250 மி.மீ. ஜூமை அறிவித்தது. ஜப்பானியர்கள் இதில் இத்தனை விரைவாக முந்தியதற்குப் பின்னால் கணிப்பொறி இருக்கிறது. லென்ஸ் வடிவமைப்பு என்றால் ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பரப்பிலும் எப்படி வளைகிறது என்று மடக்கை வாய்பாட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது. அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்து மாதக்கணக்கில் போட்ட கணக்கு. ஜூம் என்றால் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகத் திரும்பப் போட வேண்டும். ஃபியூஜி ஃபிலிம் நிறுவனத்தில் ஒகஸாகி புன்ஜி என்பவருக்கு இது பொறுக்கவில்லை. சுமார் 1,700 வெற்றிடக் குழாய்களைக் கோத்து ஒரு கணிப்பொறியைத் தாமே கட்டி, 1956-இல் முடித்தார். ஃபியூஜிக் என்று பெயர். ஜப்பானின் முதல் மின்னணுக் கணிப்பொறி அது. ராணுவத்துக்கோ வங்கிக்கோ அல்ல, லென்ஸ் கணக்குக்காகப் பிறந்தது. ஜெர்மனியிலும் கான்ராட் ஸூஸெ தம் ஸட்5 கணிப்பொறியை 1953-இல் லைட்ஸ் கம்பெனிக்கு லென்ஸ் கணக்குப் போடத்தான் கொடுத்தார். இந்த நீண்டு சுருங்கும் குழாய்களின் பின்னால் கணிப்பொறியின் குழந்தைப் பருவமும் ஒளிந்திருக்கிறது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கும் செய்தி.

1963-இல் வந்த நிக்கானின் 43–86 மி.மீ. கூர்மையில் சுமார்தான், ஓரங்களில் நேர்கோடு வளையும். ஆனாலும் பையில் அடங்கும், விலையும் எட்டும். அமோகமாக விற்றது. ஜூம் என்பது நிபுணர்களின் கருவி என்ற நினைப்பை உடைத்தது அதைவிட நல்ல லென்ஸ் எதுவுமல்ல, அந்தச் சுமாரான லென்ஸ்தான்.

இந்தியத் திரையில் ஜூமுக்கு நிகரில்லாத மரியாதை கிடைத்தது 1964-இல். சத்யஜித் ராயின் ‘சாருலதா’வில், தனிமையில் வாடும் நாயகி ஒரு கையடக்கத் தொலைநோக்கியால் தெருவைப் பார்க்கிறாள். அதே கண்ணாடியால் பக்கத்திலேயே நடந்துபோகும் கணவனையும் பார்க்கிறாள். கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்ததும் கேமரா சட்டென்று அவளை விட்டு விலகுகிறது. ஒரு வார்த்தை பேசாமல் ஒரு திருமணத்தின் தூரத்தை அளந்துவிட்டார் ராய். தமிழ்ப்படங்கள் 1970-களில் ஜூமை வேறு உற்சாகத்தோடு எடுத்துக்கொண்டன. அதிர்ச்சி என்றால் முகத்துக்கு ஒரு பாய்ச்சல், பாட்டு என்றால் மலையிலிருந்து நாயகிக்கு ஒரு வழுக்கல். பலர் இதைக் கேலி செய்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தண்டவாளம் போட்டு ட்ராலி தள்ள நேரமும் பணமும் இல்லாத படப்பிடிப்புகளில், நிற்கிற இடத்திலிருந்தே காட்சிக்கு உயிரூட்ட அந்த ஒளிப்பதிவாளர்கள் கண்டுபிடித்த வழி அது.

இப்போது என் கழுத்தில் தொங்கும் லென்ஸுக்கு வருகிறேன். விவிடார் சீரிஸ் 1, 70–210 மி.மீ., எஃப் 3.5. 1970-களின் நடுப்பகுதிச் சரக்கு. விவிடாரின் கதை 1938-இல் தொடங்குகிறது. மேக்ஸ் பாண்டர், ஜான் பெஸ்ட் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் கலிஃபோர்னியாவில் குடியேறி, புகைப்படச் சாமான் இறக்குமதி செய்யும் கடையை ஆரம்பித்தார்கள். அவர்களிடம் லென்ஸ் செய்யும் பட்டறை கிடையாது. பேர் அவர்களுடையது, பட்டறை வேறொருவருடையது. இந்த லென்ஸை அமெரிக்காவில் எல்லிஸ் பெட்டன்ஸ்கியின் ‘ஆப்கான்’ நிறுவனக் குழு வடிவமைத்தது. ஜப்பானில் கினோ பிரிசிஷன் செய்தது. பின்னால் வந்த அதே பெயர் லென்ஸ்களை டோகினா, கோமினே, கோஸினா என்று வேறு வேறு ஆலைகள் செய்தன. வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் எந்த ஆலை என்று சொல்லிவிடும்: 22 என்றால் கினோ, 37 என்றால் டோகினா, 28 என்றால் கோமினே. பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் ஜாதகம் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

பேர் ஒன்று, ஆலை ஒன்று என்ற ஏற்பாடு அன்று உலகம் முழுக்க நடந்தது. ஆஸ்திரேலியாவில் ஜாக் ஹேன்ஸ் தம் இறக்குமதி ஏற்றுமதிக் கம்பெனியின் பெயரைச் சுருக்கி ஹானிமெக்ஸ் என்று பொறித்து விற்றார். அமெரிக்காவின் சியர்ஸ் போன்ற பல்பொருள் அங்காடிகளும் தங்கள் பெயரில் ஜப்பானிய லென்ஸ் விற்றன. நல்ல லென்ஸும் மட்டமான நகலும் ஒரே கப்பலில் ஏறின. பெயர் கெட்டுவிடும் என்று பயந்த ஜப்பான், 1954-இல் கேமராக்களைச் சோதிக்க ஒரு நிறுவனம் அமைத்தது. தேறிய பொருளில் ‘பாஸ்டு’ என்று தங்க நிறத்தில் முட்டை வடிவச் சீட்டு ஒட்டினார்கள். வீட்டில் பழைய ஜப்பானியக் கேமரா இருந்தால் திருப்பிப் பாருங்கள், பாதி உரிந்த நிலையில் அந்தச் சீட்டு இருக்கலாம்.

எந்த லென்ஸ் எந்தக் கேமராவில் பொருந்தும் என்பது இன்னொரு கதை. 1949-இல் ட்ரெஸ்டன் நகரிலிருந்து வந்த 42 மி.மீ. திருகு, சோவியத் ஸெனித், ஜப்பானிய பென்டாக்ஸ் என்று எல்லோருக்கும் பொதுவாகப் பரவியது. அரசியலில் எதிரெதிராக நின்ற நாடுகளின் லென்ஸும் கேமராவும் இந்தத் திருகில் தடையில்லாமல் கைகோத்தன. என் லென்ஸின் வாலிலும் அதே எம்42 திருகுதான்.

சரி, இது தென்காசிப் பக்கம் எப்படி வந்தது? அந்த நாளில் இந்தியாவில் வெளிநாட்டுக் கேமரா என்றால் உரிமம், வரி, தடை. நாட்டுக்குள் ஃபிலிம் மட்டும் கிடைத்தது: ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள் விற்றது. லென்ஸ் ஆளோடுதான் வர வேண்டும். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் 1969-இல் உருவானது. பர்மாவில் நே வின் ஆட்சியில் கடையையும் வீட்டையும் பறிகொடுத்து, வெறுங்கையோடு கப்பலேறி வந்த தமிழர்களுக்கு அரசு ஒதுக்கிய நடைபாதைக் கடைகள் அவை. கொஞ்ச காலத்திலேயே வெளிநாட்டுக் கடிகாரமும் டேப் ரிக்கார்டரும் கேமராவும் தேடுகிறவர்கள் போய் நிற்கும் இடமாயிற்று.

எங்கள் பக்கத்துக்கு அதைவிட நேரான வழி ஒன்று இருந்தது. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் பல, தறி சோறு போடாத காலத்தில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறின. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஒரு காலத்தில் கடையநல்லூர்த் தமிழ் காதில் விழாத தெரு குறைவு. சுங்கவரி பெரிதாக இல்லாத துறைமுகம் என்பதால் ஜப்பானியக் கேமரா அங்கே மலிவு. ஊர் திரும்பும் பெட்டியில் சட்டைத்துணிக்கும் தைலத்துக்கும் நடுவே அது வந்தது. நான் வைத்திருக்கும் லென்ஸும் அப்படி ஒரு பெட்டியில் கடையநல்லூர் வந்ததுதான். வாங்கி வந்தவர் கல்யாண வீடுகளில் சில காலம் பயன்படுத்திவிட்டுப் பீரோவில் வைத்துவிட்டார்.

பீரோவுக்குப் போனதற்குக் காரணம் 1985. அந்த ஆண்டு மினோல்டா 7000 வந்தது. கேமராவே மோட்டாரால் ஃபோகஸ் செய்துகொண்டது. இந்தத் தொழில்நுட்பம் எங்களுடையது என்று ஹனிவெல் என்ற நிறுவனம் வழக்குப் போட, 1992-இல் மினோல்டா 12 கோடி டாலருக்கு மேல் கொடுத்து முடித்தது. நகலுக்கும் அசலுக்கும் நடந்த சண்டைகளில் இது மிகப் பெரியவற்றில் ஒன்று. அதற்குள் 1987-இல் கேனன் தன் பழைய லென்ஸ் எதுவும் பொருந்தாத புதிய பொருத்து ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. கையால் திருகும் லென்ஸ்கள் உலகெங்கும் விலை விழுந்து, பெட்டிக்கும் பரணுக்கும் போயின.

அவற்றைத் திரும்ப வெளியே கொண்டுவந்ததும் யாரும் திட்டமிடாத ஒன்றுதான். 2008-இல் பானசோனிக் ஜி1, 2010-இல் சோனி நெக்ஸ் என்று உள்ளே ஆடி இல்லாத கேமராக்கள் வந்தன. லென்ஸ் பொருத்தும் வளையத்திலிருந்து சென்ஸாருக்கு உள்ள தூரம் எம்42 கேமராவில் 45.46 மி.மீ.; சோனியில் வெறும் 18 மி.மீ. மிச்சமாகும் 27 மி.மீ. சொச்சத்தை ஒரு வெற்று உலோக வளையத்தால் நிரப்பினால் பழைய லென்ஸ் தன் பழைய வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். கேமராவைச் சின்னதாக்கத்தான் அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள். அரை நூற்றாண்டு லென்ஸ்களுக்கு அதுவே வாசலாகிவிட்டது. கூர்மையாக இருக்கும் விளிம்புகளை நிறத்தால் காட்டும் ‘பீக்கிங்’ வசதியும் தொலைக்காட்சிக் கேமராக்காரர்களின் பழைய உத்தி. ஜூமைக் கொடுத்த அதே தொழில், ஜூமை இன்று மறுபடி பயன்படுத்தும் வழியையும் கொடுத்தது.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். அவருடைய குற்றாலக் குறவஞ்சிக்கு மதுரை நாயக்க மன்னர் விசயரங்க சொக்கநாதர் கொடுத்த நிலம் குறவஞ்சிமேடு என்று பெயர் பெற்றது. அதில் குறத்தி மலைவளம் சொல்லும் பாட்டைக் கவனித்தால், கிளையில் கொஞ்சும் குரங்குகளில் தொடங்கும் பார்வை, அருவியின் திரையைப் பிடித்து ஏறி, வானத்தில் ஓடும் சூரியன் தேர்வரை போய்விடும். நின்ற இடம் மாறவில்லை. பார்வை மட்டும் நீண்டிருக்கிறது. இந்த லென்ஸோடு நடக்க இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியாது.

சாரல் காலத்தில் காலையில் கிளம்பினால் வெளிச்சம் கால்மணிக்கொரு முறை மாறும். செங்கோட்டைக் கணவாய்க் காற்று மேகத்தை இழுத்துவர, வயலில் வெயில் வந்து வந்து மறையும். குழாய் கிட்டத்தட்ட ஒரு கிலோ கனம். இடது உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தால்தான் ஆட்டம் இருக்காது. கிழக்கே திரும்பினால் தென்காசி காசிவிசுவநாதர் கோவில் கோபுரம். பல்லாண்டுகள் சிதைந்து நின்று, 1990-இல் ஒன்பது நிலையோடு குடமுழுக்குக் கண்ட கோபுரம். 70-இல் அது தென்னைகளுக்கு நடுவே விரல் உயரம். வளையத்தை இழுத்து 210-க்குக் கொண்டுவந்தால் நிலை நிலையாக எண்ணலாம். என் சோனியின் சென்ஸார் சின்னது என்பதால் 210 என்பது 315-க்குச் சமமாக வேலை செய்கிறது. மேற்கே திரும்பினால் திரிகூட மலை. நீண்ட லென்ஸ் தூரத்தை நசுக்கும்: வயல், தென்னை வரிசை, மலை மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். மலை இத்தனை பக்கத்திலா இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களே கேட்பார்கள்.

இந்த வகை லென்ஸைக் கையாள ஒரு முறை உண்டு. முதலில் 210-க்கு இழுத்து, பொருளைப் பெரிதாக்கி, அங்கே ஃபோகஸைத் திருகி நிறுத்த வேண்டும். பிறகு வேண்டிய அளவுக்குத் தள்ளினால், ஆலன் 1902-இல் கேட்ட வரம் வேலை செய்கிறது, ஃபோகஸ் கலைவதில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் அன்றாடம் செய்தது இதுதான். இன்றைய தானியங்கி ஜூம்களில் பல இந்த ஒழுக்கத்தைக் கைவிட்டுவிட்டன. கேமரா நொடியில் திரும்பச் சரிசெய்துகொள்ளும் என்பதால் அவற்றுக்கு அது தேவைப்படவில்லை. எனக்கு அந்தப் பழைய ஒழுக்கம் பிடித்திருக்கிறது. வரப்பில் கொக்கு நகரும் வேகத்துக்கு விரல் பழகிவிட்டால், அடுத்து அது எங்கே காலெடுத்து வைக்கும் என்று கண்ணும் பழகிவிடுகிறது.

குறைகளும் உண்டு. எஃப் 3.5-இல் படம் மென்மையாக இருக்கும், மேகத்தின் முன் நிற்கும் தென்னோலை விளிம்பில் ஊதா கசியும். எஃப் 8-க்கு மூடினால் இரண்டும் அடங்கிவிடும். வெயிலுக்கு எதிரே பிடித்தால் மாறுபாடு குறையும். குழாயைக் கீழே தாழ்த்தினால் தானாகவே நீண்டுவிடும். அருவிக்கரைப் பாறையில் குனிந்து எடுக்கும்போது வளையத்தை விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். குற்றாலப் பேரருவிப் பக்கம் குரங்குகளிடமும் எச்சரிக்கை தேவை. கழுத்துப் பட்டையைச் சுலபத்தில் விடமாட்டா.

இவற்றையெல்லாம்விட இந்த லென்ஸுக்கு எங்கள் ஊர்ச் சீதோஷ்ணம்தான் எமன். மாதக்கணக்கில் ஈரம் நிற்கும் இடத்தில், இருட்டான தோல் உறைக்குள் அடைத்து வைத்த லென்ஸில் பூஞ்சணம் படரும். வலைப்பின்னலாக வேர்விட்டு, அது விடும் அமிலம் ஸ்மாகுலா வழிவந்த அந்தப் பூச்சையே அரித்துவிடும். டெய்லர் பார்த்த கறை ஒளியைக் கூட்டியது. இந்தக் கறை ஒளியைத் தின்னும். கோடை வெயிலில் உள்ளிருக்கும் கிரீஸ் உருகித் துவாரத்தின் இதழ்களில் எண்ணெயாகப் படிவது இன்னொன்று.

தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி வட்டாரத்தில் எத்தனையோ பழைய ஸ்டுடியோக்களின் அலமாரிகளிலும், சிங்கப்பூர்ப் பெட்டிகள் ஏறிய பரண்களிலும் இப்படிப்பட்ட லென்ஸ்கள் இப்போதும் கிடக்கும். உங்கள் வீட்டிலும் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டு பக்க மூடிகளையும் கழற்றி, துவாரத்தை முழுக்கத் திறந்து, டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள்; பூஞ்சணம் இருந்தால் நூல்நூலாகத் தெரியும். தொடக்க நிலை என்றால் தெரிந்த மெக்கானிக் பிரித்துத் துடைத்துக் காப்பாற்றிவிடுவார். தோல் உறையைத் தூக்கிப்போட்டுவிட்டு, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். சீசன் முடிந்து காற்று உலர்ந்ததும் ஒரு நடை வெளியே எடுத்துப் போங்கள். உங்கள் கேமராவுக்கு ஏற்ற வளையத்தைக் கடையில் கேட்கும்போது லென்ஸின் பெயரைச் சொல்வதைவிட வாலைக் காட்டுவது நல்லது. பேர் எந்த ஊர்க்காரருடையதாகவும் இருக்கலாம், பொருந்த வேண்டியது திருகுதான்.